சத்திரமும் கோட்டையும்: 'இல்லை' என்று எழுதித் தருவது பற்றி

2025 மே 19ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஈழத் தமிழரின் மனு தள்ளுபடியானது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018இல் 10 ஆண்டு தண்டனை பெற்றவர் அவர். 2022இல் மெட்ராஸ் ஐகோர்ட் அதை 7 ஆண்டாகக் குறைத்தது. தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும், போகும்வரை முகாமில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, மனைவி பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பது அவர் தரப்பு. நீதிபதிகள் தீபாங்கர் தத்தாவும் வினோத் சந்திரனும் கேட்டதன் சாரம் இது: 140 கோடிப் பேரை வைத்துக்கொண்டு நாமே திணறுகிறோம், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா என்ன தர்மசாலையா? இங்கே குடியிருக்க உங்களுக்கு என்ன உரிமை? அங்கே ஆபத்து என்றால் வேறு நாட்டுக்குப் போங்கள்.

'தர்மசாலை' தமிழில் 'சத்திரம்' ஆகிவிடுகிறது. வேண்டாதவர் வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் 'இது என்ன சத்திரமா' என்று கேட்பது நம்மூர் வழக்கம்தானே. ஆனால் சத்திரம் ஒரு நிறுவனமாக இருந்தது என்பதை இந்த வசை மறைத்துவிடுகிறது. ராமேஸ்வரத்துக்குப் போகிற பாதையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். வந்தவரைப் பார்த்து 'ஏன் வந்தாய், நிரூபி' என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. (சாதி பார்த்துப் பந்தி பிரித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சத்திரத்தைப் புனிதப்படுத்துவது என் வேலையல்ல.) அதே பாதையின் கடைசியில் மண்டபம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்பு என்று சொல்லி நிறுத்திச் சோதித்து அனுப்பிய முகாம் அது. 1983க்குப் பிறகு அகதி முகாமும் அங்கேதான் வந்தது. சத்திரம் இருந்த பாதையில் முகாம் வந்து சேர்ந்த இந்த வரலாற்றை நான் வேறொரு கட்டடத்தை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். காரணம் எளிது. அது எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது.

ஒடுகத்தூரில் பஸ் ஏறி அணைக்கட்டு வழியாக வேலூர் வந்து இறங்கினால் நடக்கிற தூரத்தில் கோட்டை. அகழியில் தண்ணீர், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், சர்ச், மசூதி, மியூசியம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிச் சொல்வார்கள். கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால் என்று கட்டடங்கள் உண்டு. இந்தப் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கிற பிரதி புரட்சியைப் பற்றியது அல்ல. தோற்றவர்களையும் அவர்களின் குடும்பங்களையும் எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1815இல் கண்டி ராஜ்யம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. அதன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இல் இங்கே கொண்டுவரப்பட்டு 1832இல் இங்கேயே செத்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் சமாதி. இலங்கைக்காரனை வேலூரில் வைப்பது என்பதற்கு ஆக 200 வருஷத்துக்கு மேல் வயதாகிறது.

1990களில் திப்பு மகால் 'சிறப்பு முகாம்' ஆயிற்று. ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட பின் இயக்கத்தவர், இயக்கத்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள். வழக்கில் ஜாமீன் கிடைத்தவனையும் தண்டனை முடித்தவனையும் ஜெயில் வாசலிலேயே மறித்துக் கொண்டுபோய் அடைக்கிற வழக்கமும் அப்போதிலிருந்தே உண்டு. அரசாங்கத்தின் மொழியில் அது சிறையல்ல. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம் 3(2)(இ) பிரிவின்படி, ஒரு அயல்நாட்டவர் குறிப்பிட்ட இடத்தில் தங்க வேண்டும் என்று போடப்படும் உத்தரவு அது. 'தங்குதல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சத்திரத்தில் தங்குவதும் தங்குதல்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று திப்பு மகாலில் 'தங்கியிருந்த' 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிப் போனார்கள். ஊரில் அன்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தை நம்மவர்கள் பல வருஷம் வியந்து பேசினார்கள். நானும் பேசினேன். அந்த 43 பேர் மண்ணைக் குடைவதற்கு முன்னால் சட்டத்தில் குடைவதற்கு ஏதாவது இடம் இருந்ததா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வி பின்னால் ஒரு கடிதத்தின் வழியாக வந்தது.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் மேல்மொணவூர், மின்னூர், சின்னப்பள்ளிகுப்பம் என்று முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆக்கியது. அவற்றுள் ஒன்றில் பெயிண்டிங் வேலை செய்யும் ஒருவரோடு எனக்குப் பழக்கம். 1990இல் வந்தவர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தம்பி ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் போய்த் தஞ்சம் கேட்டு மறுக்கப்பட்டவன். அந்த மறுப்புக் கடிதத்தின் போட்டோ காப்பி அவரிடம் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோய், செல்லோ டேப் ஒட்டியது. ஒருநாள் அதைப் படித்துச் சொல்லச் சொன்னார். எட்டுப் பக்கம். உன் கதையில் இந்தத் தேதியும் அந்தத் தேதியும் ஒத்துப்போகவில்லை, ஆகவே நாங்கள் நம்பவில்லை. நம்பினாலும் உனக்கு ஆபத்து என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் இந்த முடிவை எதிர்த்து இத்தனை நாளுக்குள் இன்ன நீதிமன்றத்துக்குப் போகலாம். நான் தம்பிக்காக வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை.

"அவனுக்கு இல்லையெண்டாவது எழுதிக் குடுத்தாங்கள் தம்பி. எனக்கு இத்தனை வருசமா ஒருத்தரும் ஓமெண்டும் எழுதேல்ல, இல்லையெண்டும் எழுதேல்ல" என்றார்.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் சட்டம் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. ஃபூக்கோவை அரைகுறையாகப் படித்துவிட்டு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாமே உடல்களை ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வோம். இடதுசாரி நண்பர்களுக்கு அது ஆளும் வர்க்கக் கருவி. தேசியவாத நண்பர்களுக்கு அது வடநாட்டான் கோர்ட்டு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு மறுப்புக் கடிதம் இல்லாததை ஒரு மனிதன் இழப்பாக உணர்கிறான் என்றால், நம் சொல்லாடலில் அதற்கு இடமே இல்லாமல் போனது எப்படி?

முதலில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். ஆங்கிலச் சட்ட மரபில் இதற்கு 'நீதிமுறை மறுஆய்வு' என்று பெயர். அப்பீல் வேறு, இது வேறு. அப்பீலில் 'முடிவு சரியா' என்று கேட்கலாம். மறுஆய்வில் 'முடிவு எடுத்த விதம் சரியா' என்றுதான் கேட்க முடியும். உனக்கு ஆபத்து இருக்கிறதா என்று நீதிபதி கேட்கமாட்டார். 'உனக்கு ஆபத்தில்லை என்று சொன்ன அதிகாரி சொல்லக்கூடாத அளவுக்கு அபத்தமாக எதையாவது சொன்னாரா, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டாரா, உன்னைச் சொல்லவிட்டாரா' என்பதோடு நின்றுகொள்வார். இந்த 'அபத்தத்தின் அளவு' எங்கே பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தில் வெட்னஸ்பரி என்ற ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமையில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்று நகரசபை நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். எந்த நிதானமான அதிகாரியும் எடுக்கவே முடியாத முடிவாக இருந்தால் மட்டுமே தலையிடுவோம் என்ற விதி 1947 நவம்பரில் அந்த வழக்கில்தான் உருவானது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்காகச் செய்த முழக்கோல் 40 வருஷம் கழித்து யாழ்ப்பாணத்துப் பையன்களை அளக்க வந்தது.

1987இல் வந்தது. அதற்கு முன்னால் 1985 மே மாதத்தில், இலங்கையர் விசா இல்லாமல் பிரிட்டனுக்குள் வரக் கூடாது என்று விதி போட்டார்கள். காமன்வெல்த் நாடுகளில் முதன்முதலில் இந்த மரியாதையைப் பெற்றது இலங்கைதான். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய ஏறத்தாழ 60 தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றியபோது சிலர் துணிகளைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு ஓடுபாதையருகே நின்றார்கள். பேச்சு எடுபடாத இடத்தில் உடம்பைப் பிரதியாக்கினார்கள் என்று நாம் எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். ஆனால் அன்று விமானம் அவர்களை ஏற்றிக்கொண்டு போகாததற்கு லண்டன் நீதிமன்றத்தில் வாங்கிய தடையுத்தரவும் காரணம். உடம்பின் எதிர்ப்பும் ஒரு துண்டுக் காகிதமும் சேர்ந்து வேலை செய்தன. நாம் முதலாவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். பிரிட்டிஷ் அரசு இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டது. உரிய தாள்கள் இல்லாதவர்களை ஏற்றி வரும் விமானக் கம்பெனிக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் என்று அதே வருஷம் சட்டம் கொண்டுவந்தது.

பிறகு சிவகுமாரன் வழக்கு. ஆறு தமிழர்களுக்குத் தஞ்சம் மறுக்கப்பட்டது. அப்போது உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம் அகதி என்பவரை 'துன்புறுத்தப்படுவோம் என்ற, நன்கு ஆதாரமுள்ள அச்சம்' கொண்டவர் என்று வரையறுக்கிறது. அச்சம் யாருடையது, ஆதாரம் யார் பார்வையில்? வழக்கு முழுக்க இந்த ஒரு தொடரைச் சுற்றித்தான் நடந்தது. முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987 அக்டோபர் 12இல் தமிழர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சாதாரண மனத்திடம் உள்ள ஒருவன் அந்த நிலைமையில் பயப்படுவானா என்று பார்த்தால் போதும், அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினாலொழிய அது செல்லும். டிசம்பர் 16இல் பிரபுக்கள் சபை இதைப் புரட்டிப் போட்டது. பயம் உள்ளே இருக்கலாம், ஆனால் ஆபத்து நிகழக்கூடும் என்பதற்கு நியாயமான சாத்தியம் வெளியே இருக்க வேண்டும், அது இருக்கிறதா என்று முடிவு செய்கிறவர் அமைச்சர்.

தேதிகளைப் பாருங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த அந்த வாரத்தில்தான் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தின் மேல் நடவடிக்கை தொடங்கியது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை நுழைந்து டாக்டர்களையும் நர்சுகளையும் நோயாளிகளையும் சுட்டது. இரண்டு மாதம் கழித்து லண்டனில், பயத்துக்கு வெளியே ஆதாரம் வேண்டும் என்றார்கள்.

ஐந்து பேர் 1988 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்பீல் செய்யும் உரிமை அவர்களுக்கு இருந்தது, ஆனால் நாட்டுக்கு வெளியே போன பிறகுதான். எந்த இடத்தில் கொல்லப்படுவோம் என்று சொன்னார்களோ அந்த இடத்திலிருந்துகொண்டு அப்பீல் செய்ய வேண்டும். காஃப்கா இதை எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். செய்தார்கள். 1989 மார்ச்சில் அந்த அப்பீலை விசாரித்த அதிகாரி, இவர்களுடைய அச்சம் ஆதாரமுள்ளதுதான், அனுப்பியது தவறு என்று தீர்ப்பளித்தார். அக்டோபரில் திரும்பி வந்தார்கள். மறுஆய்வில் மூன்று நீதிமன்றம் ஏறி இறங்கித் தோற்ற அதே ஆட்கள், யாராவது ஒருவர் உட்கார்ந்து கதையைக் கேட்டதும் ஜெயித்துவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். வில்வராஜா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 1991 அக்டோபர் 30இல் தீர்ப்பு. சித்திரவதைத் தடை மீறப்படவில்லை என்று எட்டுக்கு ஒன்று, மறுஆய்வு என்பது போதுமான பரிகாரம்தான் என்று ஏழுக்கு இரண்டு. திரும்பிப் போனவர்களில் மூவர் வதைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதை நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. அப்படியே இருந்தாலும் அது நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டியே அறிவதற்கான தனி அடையாளம் எதுவும் இவர்களிடம் இல்லை என்றது. தனி அடையாளம் இல்லாததே குற்றம். எல்லாத் தமிழனுக்கும் நடப்பது உனக்கும் நடந்தால் அது உனக்கு நடந்ததாகாது.

இந்தத் தீர்ப்பில் எங்களுக்கு, அதாவது தமிழ்நாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, வேண்டிய ஒரு வரி இருக்கிறது. 1988 பிப்ரவரியில் நிலைமை சீரடைந்திருந்தது என்பதற்கு நீதிமன்றம் கொண்ட முக்கியமான அறிகுறி என்ன? ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு 1987 டிசம்பர் இறுதியில் தொடங்கிய 'தாமாக முன்வந்து நாடு திரும்பும்' திட்டம். அப்போது கூட்டம் கூட்டமாகத் திரும்பிப் போனவர்கள் எங்கிருந்து போனார்கள்? இந்தியாவிலிருந்து. மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் பெயர் கொடுத்துக் கப்பல் ஏறியவர்கள், தங்களுக்குத் தெரியாமலே, ஐரோப்பாவில் ஒரு வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகள் ஆகிவிட்டார்கள். அவர்கள் போனதால் அங்கே ஆபத்தில்லை. அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்க அந்த வழக்கில் யாருக்கும் வேலையில்லை.

இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வாய்ப்பு 1992இல் வந்தது. ராஜீவ் கொலைக்குப் பிறகு முகாம்களில் நிலைமை மாறியது. பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரி இடம் மறுத்தார்கள், தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் வரக் கட்டுப்பாடு வந்தது. 1992 ஜனவரி 20இல் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போடுகிறார்கள் என்று புகார் எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் மெட்ராஸ் ஐகோர்ட்டில் ரிட் போட்டார்கள். போக விரும்பாதவர்களை அனுப்பக் கூடாது, விருப்பம் உண்மைதானா என்று ஐ.நா. ஆணையம் பார்க்கட்டும் என்பது கோரிக்கை. வழக்கு நடக்கும்போதே ஆணையம் சென்னைக்கு வந்து, கிளம்புகிறவர்களைப் பேட்டி காண ஏற்பாடானது. ஆகஸ்டில் ஐகோர்ட் சொன்னது: உலக அமைப்பு ஒன்று விருப்பத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறது, எனவே சம்மதம் தானாக வந்ததா இல்லையா என்று நாங்கள் பார்க்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு அன்று நான் கோபமாக ஒரு குறிப்பு எழுதினேன். நீதிமன்றம் தன் கண்ணைக் கழற்றி வேறொருவர் கையில் கொடுத்துவிட்டது என்ற மாதிரி. அந்த வாக்கியத்தை இன்றைக்கும் திரும்பப் பெறமாட்டேன். முகாமுக்குள் தாராளமாகப் போய்வர ஆணையத்துக்கு அனுமதி கிடையாது. பெட்டி கட்டிக் கிளம்பி நிற்கிறவனிடம் 'விரும்பித்தான் போகிறாயா' என்று கேட்பதில் என்ன இருக்கிறது? ஆனாலும் ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். மாட்டேன் என்று சொல்ல ஒரு மேஜை போடப்பட்டது. அந்த மேஜையின் முன்னால் மாட்டேன் என்று சொல்லித் தங்கியவர்களும் உண்டு. 1995 வரை திரும்பிப் போனவர்கள் ஏறத்தாழ 54 ஆயிரம் பேர். மிச்சமிருந்தவர்கள் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். என் பெயிண்டர் அண்ணனும் அவர்களில் ஒருவர். 'நான் வரேல்ல எண்டு சொன்னனான்' என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னத் திமிர் தெரியும். ஒரு வழக்கு தோற்றும் ஒரு மேஜையை விட்டுவிட்டுப் போகலாம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சிறப்பு முகாமுக்கு அப்படி ஒரு மேஜைகூட வரவில்லை. 1995இலும் 2003இலும் ஐகோர்ட்டுக்கு வந்த வழக்குகளில், இது காவல் அல்ல, அயல்நாட்டினர் சட்டப்படி நடமாட்டத்துக்கு விதித்த கட்டுப்பாடுதான் என்ற அரசின் வாதமே நின்றது. இதற்குப் பின்னால் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1955இல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில், அயல்நாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் முழுமையானது, கட்டற்றது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1996 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்துச் சக்மாக்களுக்காகத் தேசிய மனித உரிமை ஆணையம் போட்ட வழக்கில், அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு குடிமக்கள் அல்லாதவர் உயிரையும் காக்கும் என்று அதே நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சக்மாக்களின் குடியுரிமை மனுக்கள் என்று ஒன்று அங்கே இருந்தது. அதை மேலே அனுப்பாமல் உட்கார்ந்திருந்த அதிகாரி இருந்தார். ஆகவே கோர்ட் பிடித்து உலுக்க ஒரு ஃபைல் இருந்தது.

அதே 1996இல் எங்கள் பாலாற்றுக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஷாப்புகளின் கழிவுநீருக்கு எதிராகப் போட்ட வழக்கு, ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 'அதிகாரி எடுத்த விதம் சரியா' என்பதோடு நிற்கவில்லை. 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் கெட்டுப்போனதாகச் சொல்லும் ஆய்வை எடுத்துப் படித்தது, ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது, இழப்பை மதிப்பிட ஒரு ஆணையத்தை அமைக்கச் சொன்னது, பசுமை அமர்வு ஒன்றைத் தொடங்கும்படி மெட்ராஸ் ஐகோர்ட்டைக் கேட்டுக்கொண்டது. (ஆறு சுத்தமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள், ஆம்பூர்ப் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியும்.) நம் நாட்டு நீதிமன்றங்களுக்கு வெட்னஸ்பரி முழக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு உண்மையைத் தாமே தேடத் தெரியும். ஆற்றின் விஷயத்தில் தேடினார்கள். மறுஆய்வு அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்றும் 1997இல் சொன்னார்கள். அயல்நாட்டவன் விஷயம் வரும்போது மட்டும் முழக்கோல் திரும்பிவிடுகிறது. அதுவும் ரொம்பக் குட்டையாக.

மேற்கை நான் முன்மாதிரியாகக் காட்டுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். கனடாவில் 1985இல் சிங் வழக்கு வரும்வரை அகதிக் கோரிக்கையைக் காகிதத்தைப் படித்தே தள்ளினார்கள். நேரில் கேட்காமல் மறுக்கக் கூடாது என்று அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் பின்னாளில் டொராண்டோவில் நம்மவர்கள் விசாரணை அறைக்குள் போக முடிந்தது. ஆனால் அங்கே மறுக்கப்பட்டு மறுஆய்வுக்குப் போகிறவன் முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஜெயித்தாலும் அகதி என்ற அந்தஸ்து கிடைக்காது. ஃபைல் வேறொரு அதிகாரியிடம் திரும்பிப் போகும், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் ஒரு தடவை, படிவத்தில் ஒரு தடவை, விசாரணையில் ஒரு தடவை, இப்போது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறும். நினைவு அப்படித்தான் வேலை செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும், அகதியின் விஷயத்தில் மட்டும் தெரியாது. ஒரே தன்னிலை ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்ற யதார்த்தவாத நாவலின் விதியை நாம் விமர்சனத்தில் எப்போதோ கைவிட்டுவிட்டோம். விசாரணை அறைகளில் அது இன்னும் ஆட்சி செய்கிறது.

உடம்பைக் காட்டினாலும் இதுதான். பிரிட்டனில் 'கே.வி.' என்று எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு தமிழரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். ராணுவத் தடுப்பில் சுட்டார்கள் என்றார். தழும்புகளின் ஓரங்கள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால், தஞ்சம் வாங்குவதற்காக இவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் கருதியது. இது மறுஆய்வு அல்ல, அப்பீல் வழியில் போன வழக்கு. 2019 மார்ச் 6இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மயக்கத்தில் தன்னைக் கிடத்திக்கொண்டு இன்னொருவனை விட்டுச் சுடச்சொல்வது எவ்வளவு அரிய காரியம் என்று நீதிபதிகள் யோசித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்ப்பதற்கு, 'இவரே சுட்டுக்கொண்டிருக்கலாம்' என்று யாரோ ஒருவர் எழுதி, காரணம் சொல்லி, கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியிருந்தது. அந்த அசிங்கமான வாக்கியம் காகிதத்தில் இருந்ததால்தான் அதை எதிர்க்க முடிந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். அதிகாரம் எழுதும்போது மட்டுமே வன்முறை செய்கிறது என்பதுபோல நாம் பேசிவந்தோம். எழுதாமல் இருப்பதிலும் அதன் வன்முறை உண்டு. இந்தியா 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அகதிச் சட்டம் ஒன்றையும் இயற்றவில்லை. ஈழத் தமிழர் இங்கே தஞ்சக் கோரிக்கை என்று ஒன்றைத் தாக்கல் செய்ய இடமில்லை, ஆகவே அது மறுக்கப்படவும் இடமில்லை, ஆகவே மறுஆய்வு செய்யவும் ஒன்றுமில்லை. பதிவு உண்டு, க்யூ பிராஞ்ச் கணக்கெடுப்பு உண்டு, பணக்கொடை உண்டு, இப்போது புது வீடும் உண்டு. 2021 கணக்கில் முகாம்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல், வெளியே 34 ஆயிரம். இவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் கருணை. கருணைக்கு எதிராக ரிட் போட முடியாது. ஹன்னா அரெண்ட் 1951இல் பேசிய 'உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை' என்பதை நாம் தத்துவமாகப் படித்தோம். முகாமில் அது ஃபைல் நம்பர் இல்லாத நிலை. 2021 ஏப்ரல் 8இல் ரோஹிங்யாக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் நாடு கடத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. எந்த நடைமுறை?

2025 செப்டம்பர் 1 முதல் 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய், குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டம் வந்திருக்கிறது. அதோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். முகாமில் அன்றைக்கு சந்தோஷம். அண்ணன் பேப்பர் கட்டிங்கோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், ஒடுகத்தூருக்கு, வேலையை விட்டுவிட்டு. படித்துச் சொன்னேன். தண்டனை இல்லை என்றேன். குடியுரிமை? அதைப்பற்றி இதில் இல்லை என்றேன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை என்பது அவருக்கே தெரியும்.

டீ குடித்துவிட்டு மறுபடி கேட்டார். "தம்பின்ர கடிதத்தில கடைசியில ஒரு வரி இருந்ததெல்லே, இன்ன நாளுக்குள்ள இன்ன கோட்டுக்குப் போகலாமெண்டு. அந்த மாதிரி வரி இதில எங்க இருக்குது?"

கட்டிங்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு ஆள் தேவை விளம்பரம் இருந்தது. அதையும் படித்துக் காட்டச் சொன்னார். அவர் மகளுக்கு வேலை வேண்டுமாம்.